8,300 மீட்டருக்குக் கீழே மீன் ஏன் இல்லை? 11,000 மீட்டருக்கு லேண்டர் இறக்குவது எப்படி?

நீலத்திமிங்கலம்:
இரண்டு கேள்விகள், ஒரே இழையில் கேட்டுவிடுகிறேன்.

ஒன்று: இதுவரை படமெடுக்கப்பட்டதிலேயே மிக ஆழத்தில் இருந்த மீன் 8,336 மீட்டரில், இசு-ஒகசவாரா அகழியில், 2022-இல். மரியானா அகழியின் சேலஞ்சர் டீப் 10,900 மீட்டரைத் தாண்டுகிறது. நடுவில் இரண்டரை கிலோமீட்டருக்கு மீன் என்பதே இல்லை. காரணம் அழுத்தம்தான் என்றால், ஆம்ஃபிபாட் (இறால் போன்ற ஓட்டுயிரி) மட்டும் எப்படி அடிவரை கூட்டம் கூட்டமாக இருக்கிறது?

இரண்டு: கம்பியோ கயிறோ இல்லாமல் கப்பலிலிருந்து போட்டுவிட்டு, பிறகு தானாக மேலே வரவைக்கும் லேண்டரின் எடைக்கணக்கு எப்படி? எங்கே தேடினாலும் "அழுத்தத்தில் எல்லாம் நசுங்கிவிடும்" என்ற ஒரே வரிதான் கிடைக்கிறது. அதற்கு மேல் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

உப்புக்கரைசல்:
முதல் கேள்விக்கு. பாதி பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஆம்ஃபிபாட் அடியில் இருக்கிறது என்றால் 1,086 பார் அழுத்தம் (கடல்மட்டக் காற்றழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல்) உயிருக்கு எல்லை அல்ல. மீனுக்கு மட்டும் வேறு ஏதோ இடிக்கிறது. அது உப்பு.

நசுங்குவது என்றால் காற்று நசுங்குவது. நீரும் தசையும் அந்த ஆழத்தில் ஐந்து சதவீதம் அளவுக்குச் சுருங்கும், அவ்வளவே. அகழிகளில் வாழும் நத்தைமீனுக்குக் காற்றுப்பை கிடையாது, நசுங்குவதற்கு உடலில் எதுவும் இல்லை. தொல்லை வருவது புரதத்தில். ஒரு புரதம் மடங்கும்போதும், நொதி தன் வேலையைச் செய்யும்போதும், சுற்றியிருக்கும் நீர் மூலக்கூறுகள் கொஞ்சம் விலகிக்கொடுக்க வேண்டும். கன அளவு இம்மியளவு கூடும். அழுத்தம் அந்த இம்மியைக்கூட விடாது.

இதைச் சமாளிக்க உடலில் சேர்த்துக்கொள்ளும் பொருள் டிரைமெத்திலமைன் ஆக்சைடு, சுருக்கமாக டி.எம்.ஏ.ஓ. நீர் மூலக்கூறுகளை ஒழுங்குபடுத்தி, புரதம் குலையாமல் பிடித்துக்கொள்கிறது. (செத்த மீனில் பாக்டீரியா இதைச் சிதைப்பதால்தான் மீன் நாற்றம் வருகிறது.) ஆழம் கூடக்கூட மீனின் தசையில் இதன் அளவும் ஏறக்குறைய நேர்கோட்டில் கூடுகிறது.

சிக்கல் இங்கேதான். கடல்நீரின் சவ்வூடு செறிவு (கரைந்திருக்கும் துகள்களின் மொத்த அளவு) கிலோவுக்குச் சுமார் 1,100 மில்லியாஸ்மோல். ஆழமற்ற கடலின் எலும்பு மீனுக்குள் அது 350 அளவில்தான். டி.எம்.ஏ.ஓ. சேரச்சேர உள்ளே செறிவு ஏறி, 7,000 மீட்டரில் பிடித்த நத்தைமீனில் ஆயிரத்தை நெருங்கிவிடுகிறது. அதே கோட்டை நீட்டினால் 8,200 மீட்டர் வாக்கில் உள்ளேயும் வெளியேயும் சமம். அதற்குக் கீழே இன்னும் டி.எம்.ஏ.ஓ. சேர்த்தால் நீர் உடலுக்குள் புக ஆரம்பிக்கும். அந்த மீனின் சிறுநீரகமும் செவுளும் தலைமுறை தலைமுறையாக எதிர்த்திசையில், அதாவது உடலிலிருந்து வெளியேறும் நீரை ஈடுகட்டவே, வேலை செய்து பழகியவை. 2014-இல் வெளியான ஆய்வு இந்தக் கணக்கை வைத்து எல்லை சுமார் 8,200 மீட்டர் என்றது. 8,336-இல் எடுத்த படம் அதற்கு மிக அருகில் விழுகிறது.

ஆம்ஃபிபாடுக்கு இந்தச் சுவர் இல்லை. அதன் உடல்நீர் எப்போதுமே கடலோடு சமச் செறிவில்தான் இருக்கிறது. டி.எம்.ஏ.ஓ. போன்றவற்றைக் கூட்டும்போது வேறு உப்பைக் குறைத்துக்கொண்டால் போதும்.

பழையவலை:
> எல்லை சுமார் 8,200 மீட்டர்

அப்படியென்றால் 1960-இல் ட்ரியஸ்ட் கலத்தில் சேலஞ்சர் டீப்பின் அடிக்குப் போன ஜாக் பிக்கார்ட் தட்டைமீனைப் பார்த்ததாகச் சொன்னது? 1970-இல் புவேர்ட்டோ ரிக்கோ அகழியில் 8,370 மீட்டரில் பிடித்த அபிஸ்ஸோப்ரோடுலா என்ற மீன்?

உப்புக்கரைசல்:
பிக்கார்ட் பார்த்தது கடல் வெள்ளரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தரை தொட்டதும் எழுந்த வண்டல் கடைசிவரை அடங்கவில்லை, ஒரு புகைப்படமும் இல்லை. கண் சாட்சியம் மட்டும்.

அபிஸ்ஸோப்ரோடுலா விஷயம் வேறு. பிடித்த மீன் கையில் இருக்கிறது. ஆனால் அது வாய் மூடாத வலை. 8,370 மீட்டருக்குப் போய்த் திரும்பும் வழியெல்லாம் திறந்தபடி வந்த வலையில் ஒரு மீன் எந்த ஆழத்தில் நுழைந்தது என்று யாரால் சொல்ல முடியும்? ஆழப் பதிவேட்டில் இப்படி வந்த எண்களை இன்னும் அப்படியே நகலெடுப்பது சலிப்பாக இருக்கிறது. உறுதியாகப் பிடிபட்டவற்றில் ஆழமானவை ஜப்பான் அகழியின் 8,022 மீட்டர் நத்தைமீன்கள். பொறி தரையில் உட்கார்ந்திருந்தது, ஆழமானி பதிவும் இருக்கிறது.

இன்னொன்று, வெப்பம். இசு-ஒகசவாரா அகழியின் அடிநீர் மற்ற அகழிகளைவிடச் சற்றே வெதுவெதுப்பானது. ஒரு டிகிரிக்கும் குறைவான வித்தியாசம்தான். மீன் அங்கே கொஞ்சம் அதிகமாக இறங்குவதற்கு அதையே காரணமாகச் சொல்கிறார்கள்.

எடைக்கட்டை:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

கம்பி ஏன் வேண்டாம் என்பதிலிருந்து தொடங்குவோம். நல்ல எஃகுக் கம்பியின் இழுவலிமை 1,770 மெகாபாஸ்கல் என்று வைத்தால், கடல்நீரில் தொங்கவிட்ட கம்பி தன் எடையாலேயே அறுந்துபோக ஏட்டளவில் 26 கி.மீ. நீளம் போதும். பாதுகாப்புக்கு இரண்டரை மடங்கு ஒதுக்கினால் மிஞ்சுவது பத்தரை கி.மீ. நுனியில் கருவி கட்டவே இடமில்லை. 1951-இல் கலத்தியா பயணக்குழு பிலிப்பைன் அகழியில் 10,190 மீட்டரில் வலை இழுத்தபோது, மேலே தடித்துக் கீழே மெலியும் 12 கி.மீ. கம்பி வைத்திருந்தார்கள். இன்று செயற்கை இழைக் கயிறு இருக்கிறது. ஆனால் அதற்கேற்ற வின்ச் (கயிறு சுற்றும் இயந்திரம்) உள்ள கப்பல்கள் சொற்பம். லேண்டருக்குச் சின்ன கப்பலும் ஒரு கிரேனும் போதும்.

கணக்கு இது. லேண்டரை இறக்குவது அடியில் மாட்டிய எடைக்கட்டை, அதைக் கழற்றியபின் மேலே தூக்குவது மிதவை. இறங்கும்போது கருவியின் நீர்எடையும் (நீருக்குள் மிஞ்சும் எடை) நீரின் எதிர்ப்பும் சமமாகும் வேகத்தில் நிலைத்துவிடும். முன்முகப் பரப்பு 1 சதுர மீட்டர், இழுவைக் கெழு (வடிவத்தைப் பொறுத்து நீர் எதிர்க்கும் அளவு) 1 என்று வைத்தால், நொடிக்கு 1 மீட்டர் வேகத்துக்கு எதிர்ப்பு சுமார் 52 கிலோ. ஆக நீரில் 50 கிலோ நிகர எடை இருந்தால் 10,900 மீட்டருக்கு 3 மணி நேரம் சொச்சம். எடைக்கட்டையைக் கழற்றியபின் 40 கிலோ மிதப்பு இருந்தால் வேகம் 0.88, ஏறிவர மூன்றரை மணி நேரம். வேகம் எடையின் வர்க்கமூலத்தில்தான் கூடும். வேகத்தை இரட்டிப்பாக்க எடையை நான்கு மடங்காக்க வேண்டும், அது நஷ்டம்.

கழற்றி எறியப் போகும் எடை: எஃகு. காற்றில் 100 கிலோ என்றால் நீரில் 87. கான்கிரீட் என்றால் 57 தான். கான்கிரீட் மலிவு என்று போய், கடைசியில் கிரேன் தாங்காத சுமையாக்கிக்கொள்வதைப் பரவலாகப் பார்க்கலாம்.

மிதவைக்கு இரண்டே வழி. கண்ணாடிக் கோளம், அல்லது சின்டாக்டிக் ஃபோம் (பிசினில் நுண்ணிய கண்ணாடிக் குமிழிகளைக் கலந்து உறைய வைத்தது). 43 செ.மீ. விட்டமுள்ள வழக்கமான கோளம் சுமார் 25 கிலோ தூக்கும், ஆனால் அது 6,700 மீட்டர்வரைதான். அடிவரை போகத் தடித்த சுவர் வேண்டும், தூக்கும் அளவு குறையும்.

நீலத்திமிங்கலம்:
அருமை. கோளம் உடைந்தால் ஒன்று போகும், மற்றவை தூக்கிவிடும், அப்படித்தானே?

எடைக்கட்டை:
அப்படி இல்லை. ஒன்று உடைந்தால் பக்கத்தில் உள்ளதும் உடையும்.

கோளத்துக்குள் சுமார் 30 லிட்டர் வெற்றிடம். அடியின் அழுத்தமான 110 மெகாபாஸ்கலால் (ஒரு மெகாபாஸ்கல் 10 பார்) பெருக்குங்கள்: 3.3 மெகாஜூல். ஏறத்தாழ 800 கிராம் டி.என்.டி. வெடிமருந்து. அந்த அதிர்வலை அடுத்த கோளத்தைத் தொடும், அது மூன்றாவதை. எல்லாம் கண்ணிமைப்பதற்குள். 2014-இல் கெர்மடெக் அகழியில் 9,900 மீட்டரில் நெரியஸ் என்ற ஆளில்லாக் கலத்தை இழந்தபோதும் அதன் பீங்கான் மிதவைக் கோளங்களில் ஒன்று உள்வெடித்ததுதான் தொடக்கம் என்று கருதுகிறார்கள். கோளங்களைத் தள்ளி வைப்பது உதவும், முழுத் தீர்வாகாது.

ஆகவே கவனம் எல்லாம் கோளத்தின் விளிம்பில். இரண்டு அரைக்கோளங்கள் கண்ணாடியோடு கண்ணாடியாக உட்காரும் தட்டை வளையம் அது. நடுவில் ஓ-ரிங் (ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) கிடையாது. விளிம்பை ஆல்கஹாலால் துடைத்து, ஒரு தூசியும் இல்லாமல் பொருத்தி, உள்காற்றைக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, வெளியே பியூட்டைல் பட்டையும் டேப்பும் சுற்ற வேண்டும். ஒரு மணல் துணுக்கு நடுவில் மாட்டினால் அந்தப் புள்ளியில் கண்ணாடி செதில் செதிலாகப் பெயரும். ஒவ்வொரு முறை மேலே வந்ததும் விளிம்பு உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்க்கவும். மீன் செதில் போல மினுக்கினால் அந்தக் கோளத்தை இனி ஆழத்துக்கு அனுப்பக் கூடாது.

வண்டல்:
எடைக்கட்டையின் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை. கடல்நீரின் அடர்த்தி மேலிருந்து கீழ்வரை ஒன்றே என்று வைத்துவிட்டார்.

அடியில் நீர் சுமார் 5 சதவீதம் அடர்த்தி கூடியது. லேண்டர் மொத்தம் 400 லிட்டர் நீரை விலக்குகிறது என்றால், மேலே 410 கிலோ தூக்கும் நீர் கீழே 430 கிலோ தூக்கும். கருவி சுருங்கவே சுருங்காவிட்டால் 20 கிலோ நீர்எடை காணாமல் போகிறது. மேலே 50 கிலோ நிகர எடையோடு விட்டது கீழே 30 கிலோ ஆகி, வேகம் நொடிக்கு 0.75 மீட்டராகிறது. 15 கிலோவோடு மெதுவாக இறக்கலாம் என்று நினைத்தால் தரையைத் தொடாமலே நடுக்கடலில் மிதந்து நிற்கும்.

எடைக்கட்டை:
ஒப்புக்கொள்கிறேன், விட்டது தவறு. ஆனால் 20 என்பது உச்சபட்சம். கண்ணாடிக் கோளமே அந்த ஆழத்தில் 2 சதவீதம் அளவுக்குச் சுருங்குகிறது. எண்ணெய் நிரப்பிய பெட்டிகள் நீரைவிடவும் அதிகம் சுருங்கும். 12 முதல் 20 கிலோவுக்குள் எங்கோ வரும். திட்டமிடும்போது 20 என்றே வைத்துக்கொள்ளலாம், பாதகமில்லை. மேலே வரும்போது இதுவே நமக்குச் சாதகம்: அடியில் மிதப்பு அதிகம், மேலே வரவரக் குறையும். எனவே மேற்பரப்பு மிதப்பைத்தான் குறைந்தபட்சமாக எடுக்க வேண்டும். கொடிக்கம்பும் ஆன்டெனாவும் நீருக்கு மேலே நிற்க வேண்டுமே.

வண்டல்:
தரை பற்றியும் சொல்லிவிடுகிறேன். அகழியின் அடி மெத்தென்ற வண்டல். V வடிவப் பள்ளம் என்பதால் சரிவுகளிலிருந்து எல்லாம் அங்கேதான் வந்து சேரும். நிலநடுக்கம் வந்தால் இன்னும் மோசம்: 2011 நிலநடுக்கமும் ஃபுகுஷிமா விபத்தும் நடந்து நான்கே மாதத்தில் ஜப்பான் அகழியில் 7,500 மீட்டருக்குக் கீழே எடுத்த வண்டலில் சீசியம்-134 இருந்தது. உயிர்கள் அங்கே செழிப்பதற்கும் இந்தச் சேகரிப்புதான் காரணம்.

லேண்டரின் கால்கள் இந்த வண்டலில் புதைந்தால் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். எடையைக் கழற்றியும் சட்டகம் வராது. எனவே எடைக்கட்டைதான் தரையைத் தொட வேண்டும், சட்டகம் அதற்கு மேலே நிற்க வேண்டும். கழற்றியதும் கட்டை சேற்றில் கிடக்கும், சட்டகம் சுத்தமாகப் பிரிந்து எழும். முதல் பதினைந்து நிமிடம் கேமராவில் கலங்கல் தவிர எதுவும் தெரியாது, பதற வேண்டாம்.

கருவிப்பெட்டி:
மின்னணுப் பக்கம் யாரும் தொடவில்லை.

பெட்டிகளில் இரண்டு வகை. ஒன்று, உள்ளே சாதாரண காற்றழுத்தம் இருக்கும் தடித்த டைட்டானியக் குழல். இன்னொன்று, எண்ணெய் நிரப்பி, ரப்பர் பையால் வெளி அழுத்தத்தோடு சமப்படுத்திய மெல்லிய பெட்டி.

குழல் ஒழுகுவது பெரும்பாலும் அடியில் அல்ல, முதல் பத்து மீட்டரில். அழுத்தம் ஏறியதும் ஓ-ரிங் பள்ளத்தில் இறுகி உட்கார்ந்துவிடும். மேலேதான் அது தளர்வு. ஒரு தலைமுடி, துணி இழை, அளவுக்கு மீறிய கிரீஸ், போதும். கிரீஸ் அடைப்பதற்கு அல்ல, ஓ-ரிங் முறுக்கிக்கொள்ளாமல் வழுக்க மட்டும். விரலில் தேய்த்து, பளபளப்பு தெரிந்தால் நிறுத்துங்கள். மூடிய பிறகு உள்காற்றில் மூன்றில் ஒரு பங்கை உறிஞ்சி, மானியைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் விடவும். ஊசி நகர்ந்தால் திறந்து முதலிலிருந்து. உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் கட்டாயம். வெதுவெதுப்பான தளத்தில் மூடிய காற்று 2 டிகிரிக்குப் போகும்போது கேமரா சாளரத்தில் பனி படரும், அதற்குமேல் எல்லாப் படமும் பால்தான்.

எண்ணெய்ப் பெட்டியில் கேள்வி ஒன்றுதான்: உள்ளே வெற்றிடம் உள்ள பாகம் எது? எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் நசுங்கும். உலோக உறையுள்ள படிக அலைவியும் நசுங்கும். உருளை வடிவ லித்தியம் செல்லுக்குள் காலியிடம் உண்டு, ஆகாது. பை வடிவ லித்தியம் பாலிமர் செல் தாங்கும். செராமிக் கெப்பாசிட்டரும் தாங்கும். ரப்பர் பையின் கொள்ளளவுக்கு: அழுத்தத்தில் எண்ணெய் 5 முதல் 6 சதவீதம், குளிரில் இன்னும் 2 சதவீதம் சுருங்கும். 10 லிட்டர் பெட்டிக்கு 0.8 லிட்டர். தங்கிப்போன காற்றுக்குமிழியையும் சேர்த்தால் ஒரு லிட்டருக்குக் குறையாமல் பை வேண்டும். பை காலியானால் அதன்பின் பெட்டிச் சுவர்தான் அழுத்தத்தைச் சுமக்கும், மெல்லிய சுவர் தாங்காது.

நீலத்திமிங்கலம்:
ஆள் போகும் கலத்துக்கு இதே கணக்கா?

கருவிப்பெட்டி:
கோளம் என்பதில் மாற்றமில்லை. 2018-19-இல் ஐந்து பெருங்கடல்களின் அடிக்கும் போன லிமிட்டிங் ஃபேக்டரின் டைட்டானியக் கோளம் உள்விட்டம் 1.5 மீட்டர், சுவர் 90 மி.மீ. அழுத்தம் பெருக்கல் ஆரம் வகுத்தல் இருமடங்குத் தடிமன் என்று போட்டால் சுவரில் தகைவு 490 மெகாபாஸ்கலுக்குள். அந்த உலோகக் கலவை 800-க்கு மேல்தான் இளகத் தொடங்கும். ட்ரியஸ்டில் எஃகுச் சுவர் 12.7 செ.மீ., அதைத் தூக்க மேலே பெட்ரோல் நிரம்பிய பெரிய தொட்டி.

சல்லடை:
உயிரினங்களை மேலே கொண்டுவந்த பிறகு நடப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல மாதிரிகள் கெடுவது கப்பல் தளத்தில்தான்.

இரை: முழுக் கானாங்கெளுத்தி. கேமராவிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஒரு கம்பியில் இறுகக் கட்டவும், தளர்வாக விட்டால் உருவிக்கொண்டு போய்விடும். ஆம்ஃபிபாடுகள் வாடை பிடித்து நிமிடக் கணக்கில் வந்துவிடும். ஒரு நாளில் முள் மட்டுமே மிஞ்சும். பொறி என்பது புனல் வாய் வைத்த குழாய்தான். வாய் 2 முதல் 3 செ.மீ. இருந்தால் ஹிரோண்டெல்லியா கிகாஸ் போன்றவை தாராளமாக நுழையும். 30 செ.மீ.-க்கு மேல் வளரும் அலிசெல்லா கிகாண்டியா வேண்டுமென்றால் வேறு பொறி.

மேலே வரும்போது அவற்றைக் கொல்வதில் அழுத்தக் குறைவைவிட வெப்பம் முந்திக்கொள்ளும். அடியில் 2.5 டிகிரி, மேற்பரப்பில் 28. கடைசிச் சில நூறு மீட்டரில்தான் இந்த ஏற்றம். பொறியைச் சுற்றித் தடித்த பிளாஸ்டிக் சுவர் இருந்தால் உள்நீர் குளிராகவே வரும். தளத்தில் தயாராகப் பனிக்கட்டி போட்ட கடல்நீர் வாளி. நன்னீர் வேண்டாம். நத்தைமீனின் தோலுக்குக் கீழே உள்ள கூழ் வெயில் பட்டால் உருகி வடிவமே போய்விடும்.

பிறகு வரிசை முக்கியம். முதலில் புகைப்படம், உடனே ஒரு துண்டுத் தசை அல்லது ஒரு கால் 95 சதவீத எத்தனாலில், அதன்பிறகே மீதி உடல் ஃபார்மலினில். ஃபார்மலினில் போட்டதிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது நாய் வாலை நிமிர்த்தும் வேலை. எத்தனால் மாதிரியின் கன அளவைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். 24 மணி நேரத்தில் மாற்றவும், உடலிலிருந்து வரும் நீர் அதை நீர்த்துவிடும்.

பழையவலை:
நுண்பிளாஸ்டிக் ஆய்வுக்கும் இதே மாதிரிகள்தானா? இரையிலேயே பிளாஸ்டிக் இருந்தால்?

சல்லடை:
சரியான சந்தேகம். அதனால்தான் ஆறு அகழிகளின் ஆம்ஃபிபாடுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட குழு பின்குடலை மட்டும் பார்த்தது. பொறிக்குள் தின்றது முன்பகுதியிலேயே இருக்கும், பின்குடலில் இருப்பது அதற்கு முன்பு தின்றது. இரையை நுண்வலையால் தனியே மறைப்பதும், காலிக் கிண்ணம் ஒன்றை மேசையில் திறந்து வைத்து அதில் விழும் இழைகளை எண்ணுவதும் சேர்ந்தால்தான் முடிவை நம்பலாம். ஆய்வகத்தில் பாலியஸ்டர் சட்டை கூடாது. மரியானா அகழியில் 2020-இல் பெயரிட்ட ஆம்ஃபிபாட் இனத்துக்கு யூரிதினெஸ் பிளாஸ்டிகஸ் என்றே பெயர். குடலில் கிடைத்தது பெட் பிளாஸ்டிக் இழை.

உப்புக்கரைசல்:
பாக்டீரியாவுக்கு இந்த முறை எதுவும் உதவாது. சேலஞ்சர் டீப் வண்டலில் கிடைத்த மோரிடெல்லா யயனோசி 80 மெகாபாஸ்கலில் நன்றாக வளர்கிறது, 50-க்குக் கீழே வளர்வதே இல்லை. அதை அழுத்தக் கலனிலேயே வளர்க்க வேண்டும்.

நீலத்திமிங்கலம்:
கடைசியாக ஒன்று. எடைக்கட்டையைக் கழற்றும் ரிலீஸ் வேலை செய்யாவிட்டால்?

எடைக்கட்டை:
ஒன்றை நம்பிப் போடவே கூடாது. இரண்டு ஒலி ரிலீஸ்களை, எது திறந்தாலும் கட்டை விழும்படி ஒரே சங்கிலியின் இருமுனையில் மாட்டவும். கப்பலிலிருந்து கட்டளை போய்ப் பதில் வர 14 நொடிக்கு மேல். பத்து நொடியில் பதில் இல்லை என்று மறுபடி அனுப்பினால் இரண்டு ஒலியும் மோதிக் குழப்பும். பொறுங்கள். கட்டளை அனுப்பும்போது கப்பலின் எஞ்சின் சத்தத்தையும் குறைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவதாக, மின்னோட்டம் பாய்ச்சி அரிக்கவிடும் கம்பி, தன் கடிகாரத்தில் ஓடுவது. அல்லது கடல்நீரில் தானே கரையும் உலோக இணைப்பு. அதில் குறித்திருக்கும் நேரம் வெதுவெதுப்பான நீருக்கு என்றால், 2 டிகிரியில் அதைவிட அதிக நேரம் பிடிக்கும். "தொலைந்தது" என்று கிளம்பிவிட்ட பிறகு அது மேலே வந்து மிதக்கும்.

நீலத்திமிங்கலம்:
அரிக்கும் கம்பியை வாளித் தண்ணீரில் சோதித்துப் பார்த்தால் அறுபடவே இல்லை. பழுதா?

எடைக்கட்டை:
எந்தத் தண்ணீர்? குழாய்த் தண்ணீர் என்றால் கம்பி நன்றாகவே இருக்கிறது. மின்னோட்டம் போக உப்பு வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் கரைத்துவிட்டு, எதிர்முனைத் தகடும் நீருக்குள் மூழ்கியிருக்கிறதா என்று பார்த்து மறுபடி போடுங்கள். எத்தனை நிமிடம் ஆனது, நீரின் வெப்பம் என்ன என்று இங்கே எழுதினால் 2 டிகிரிக்கு எவ்வளவு கூட்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்கிறேன்.